சைக்கிள்காரர் வீட்டில் ஒரு டிரைவர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று தாராவியில் எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கார் ஓட்டுகிறவர்கள் மீது எனக்கு இருந்த கோபம் தனி ரகம். இதில் வேடிக்கை என்னவென்றால், சென்ற வருஷம் வரை நான் ஒரு காரின் முன்சீட்டில் உட்கார்ந்ததே கிடையாது. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் டாக்ஸியில் போயிருக்கிறேன், அதுவும் பின்சீட்டில் நாலு பேருக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு, யாருடைய குழந்தையையோ மடியில் வைத்துக்கொண்டு. ரோட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

அவர் சைக்கிளில் இட்லி விற்கிறார். மாவு என் பொறுப்பு, ரோடு அவர் பொறுப்பு. விடியுமுன்பே அவித்து இறக்கிய இட்லியை அலுமினிய அண்டாவில் அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடி, பின்னால் கேரியரில் கயிறு போட்டுக் கட்டுவோம். அதன் தலையில் வடைக் கூடை. கேரியரின் ஒரு பக்கம் சாம்பார் டிரம், ஹேண்டிலில் சட்னித் தூக்கு. ஹேண்டிலின் இன்னொரு பக்கம் ரப்பர் ஹாரன். அதை அமுக்கினால் பாம் பாம் என்று சத்தம் வரும், மாட்டுங்காவில் மாடி வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறப்பார்கள்.

அந்தச் சைக்கிளை ஓட்டுவதற்கென்று சில சட்டங்கள் உண்டு. காலைத் தரையில் ஊன்றக்கூடாது. ஊன்றினால் பாரம் ஒரு பக்கம் சாயும், சாம்பார் அலம்பும், மறுபடி கிளம்ப யாராவது பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டும். ஆகையால் சிவப்பு விளக்கு விழுந்தால் அவர் பக்கத்தில் நிற்கிற காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு, கால் இரண்டும் பெடலில் இருக்க, அப்படியே நிற்பார். பச்சை விழுந்ததும் காரை ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கிளம்புவார். தாராவியிலிருந்து பாரம் ஏற்றிக்கொண்டு போகிற எல்லாச் சைக்கிள்காரர்களும் இப்படித்தான். தெரிந்த டாக்ஸிக்காரர்கள் சும்மா இருப்பார்கள். வயசான டிரைவர் ஒருவர் தானே கையை வெளியே நீட்டி ஹேண்டிலைப் பிடித்துக்கொள்வாராம்.

இன்னொரு சட்டம், திரும்பிப் பார்க்கக்கூடாது. தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் ஹேண்டில் திரும்பும், அப்புறம் அண்டா ரோட்டில்தான். பின்னால் யார் வருகிறார் என்று காதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்குள் இருப்பவன் முகத்தை அவர் பார்த்ததே கிடையாது. கூரை தெரியும், சக்கரம் தெரியும், ஹாரன் சத்தம் தெரியும், அவ்வளவுதான்.

மத்தியானம் காலி அண்டாவோடு வந்து இறங்குவார். சோற்றைப் போட்டு முன்னால் வைத்தால் அன்றைய ரோட்டுப் புராணம் ஆரம்பித்துவிடும்.

“பெரிய கறுப்பு வண்டி. உள்ள ஒரு மேடம். நான் கைய வச்சேன். கண்ணாடிய எறக்கி, ஒரு டிஷ்யூ பேப்பர நீட்டுதா. தொடைக்கணுமாம்!”

“எதை? உங்க கையையா, அவ காரையா?”

“அது யாருக்குத் தெரியும்? பச்ச விழுந்துருச்சு, நான் வந்துட்டேன்.”

நான் பாத்திரம் விளக்கிக்கொண்டே அந்த மேடத்தைக் காய்ச்சி எடுப்பேன். சிவப்பு பஸ் ஓட்டுகிறவர்களை மட்டும் அவர் மனுஷர் என்று ஒத்துக்கொள்வார். மற்ற எல்லோரும் அவர் அகராதியில் எடுபட்ட பயல்கள். அதிலும் மொபைலை முன்னால் ஒட்ட வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிற வெள்ளை டாக்ஸிக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பேரைச் சொன்னாலே அவருக்குச் சோறு இறங்காது. நானும் அவர் பக்கம் நின்று அவர்களுக்கு மண்ணை வாரித் தூற்றுவேன்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் எங்கள் ஒரே பிள்ளை வெள்ளை டாக்ஸி ஓட்டக் கிளம்பினான்.

அவன் முதலில் இங்கேயே ஒரு தோல் பை பட்டறையில் வேலை பார்த்தான். பசை வாசனை தலைவலி கொடுக்கிறது என்று விட்டுவிட்டு லைசென்ஸ் எடுத்தான். செம்பூரில் ஒரு சேட், கார்களை வாடகைக்குக் கொடுத்து ஓட்டச் சொல்கிறவர், அவரிடம் ஒரு வண்டி வாங்கிக்கொண்டான். முதல் நாள் அப்பாக்காரர் சந்து முழுக்க இனிப்பு கொடுத்தார். ஒரு மாசம் கூட ஆகியிருக்காது, மத்தியானச் சாப்பாட்டில் புராணம் இரண்டு பக்கமிருந்தும் வர ஆரம்பித்தது.

“எம்மா, இன்னைக்கு ஒரு சைக்கிள்காரன் ராங் சைடுல வந்து, எம் முன்னால நின்னுக்கிட்டு, என்னையவே மொறைக்கான்!”

“அது அவனுக்கு ராங் சைடு இல்ல,” என்பார் இவர், சோற்றைப் பிசைந்துகொண்டே. “அங்கன சுத்தி வாறதுக்கு அவன் என்ன பெட்ரோலா போட்டிருக்கான்?”

“அதுக்குன்னு எதுக்க வருவானா? சவாரி பயந்து போயிருச்சு. ஆப்புல ஒரு ஸ்டார கொறைச்சிட்டுப் போயிட்டாரு.”

“நட்சத்திரம் போனா போவுது. அவன் உசுரு இருக்குல்லா?”

“கார் கூரையில வேற கை வைக்கானுவ. எண்ணெய்க் கை அஞ்சு விரலும் அப்படியே பதியுது. தொடச்சா போவ மாட்டேங்கு.”

“சிக்னல்ல கைய வேற எங்கல வைக்கது? உந் தலையிலயா?”

நான் சிரித்துவிடுவேன். அவன் என்னை முறைப்பான். நான் எப்போதும் சைக்கிள் கட்சி, அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கேலியும் கிண்டலுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கீறல் விழுகிற வரைக்கும்.

ஒரு நாள் அவன் அவசரமாகச் சாப்பிட வந்தவன், காரைச் சந்து முனையில் சொருகிவிட்டு உள்ளே வந்துவிட்டான். அந்த முனையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இவர் வெயிலில் வெந்துபோய் வந்தவர், இறங்கி உருட்டப் பொறுமை இல்லாமல் அப்படியே மிதித்திருக்கிறார். அண்டாவின் விளிம்பு கதவு இரண்டையும் ஒரே கோடாக இழுத்துவிட்டது. சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். முன் கதவில் ஆரம்பித்துப் பின் கதவு முடிகிற வரைக்கும் வெள்ளிக் கம்பி போட்ட மாதிரி இருந்தது.

“வண்டி நிறுத்துத எடமால இது?” என்றார் இவர். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவர் வம்சத்துக்கே கிடையாது.

அவன் கீறலைத் தடவிப் பார்த்தான். சேட் என்ன சொல்வாரோ என்ற பயத்தில் அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. “இந்தச் சைக்கிள பங்கார்ல போடுங்கப்பா,” என்றான். பழைய இரும்பு எடைக்கு வாங்குகிற கடையைத்தான் நாங்கள் பங்கார் என்போம்.

இவர் திருப்பிக் கத்துவார் என்று நான் காத்திருந்தேன். கத்தவில்லை. “நீயும் அவனுவள்ல ஒருத்தனாயிட்ட,” என்று சொல்லிவிட்டு அண்டாவை அவிழ்க்கப் போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

எங்கள் வீடு ஒரே அறை, மேலே ஒரு பரண். அதற்குள் இரண்டு பேர் பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். “அவன கால மடக்கச் சொல்லு, நான் போவணும்.” “அவருக்குச் சாவி ஆணியில இருக்குன்னு சொல்லும்மா.” ஒருத்தர் மூச்சு ஒருத்தர் மேல் படுகிற தூரத்தில் இருந்துகொண்டு, நடுவில் என்னிடம் சொல்லி அனுப்புவார்கள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறும். “எனக்கு இடுப்புல ஒரு சிவப்பு லைட்டு, பச்ச லைட்டு கட்டி விட்டுருங்க,” என்று ஒரு நாள் கத்தினேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவர் சுவரைப் பார்த்துச் சிரித்தார், அவன் மொபைலைப் பார்த்துச் சிரித்தான்.

இப்படி இரண்டு மாசம் ஓடியபிறகு அவன் சொன்னான்: “கோவண்டியில சிநேகிதன் ஒரு ரூம் பாத்திருக்கான். ஒண்ணாந்தேதி போயிருதேன். வண்டி நிறுத்தவும் எடம் இருக்கு.”

கோவண்டி ஒன்றும் வெளிநாடு இல்லை, ரயிலில் போய்விடலாம். ஆனால் கோபத்தில் வெளியே போகிற பிள்ளை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் தூரம்தான். இவரிடம் சொன்னேன். “போறவன யாரு புடிச்சா?” என்றார். அன்றைக்குப் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கூப்பிட்டால் அவன் நின்றுவிடுவான், அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறந்து கூப்பிட வேண்டுமே. ஒண்ணாந்தேதிக்குள் இந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து என் வலது தோள் வேலைநிறுத்தம் செய்தது. கிரைண்டரிலிருந்து கல்லைத் தூக்கித் தூக்கி வந்த வினை. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. மாட்டுங்காவில் ஒரு கிளினிக்கில் ஒரு வாரம் காலையில் வந்து சூட்டு ஒத்தடம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாவைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்றாள். “நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்,” என்றான் மகன். “ஆனா சீக்கிரமே கெளம்பணும்.”

“கிளினிக் தொறக்கவே நேரமாகுமேடா?”

“டிராஃபிக் இருக்கும்மா. கெளம்பு.”

அப்படித்தான் நான் முதல் முதலாக முன்சீட்டில் ஏறினேன். பெல்ட் போட மாட்டேன் என்று சண்டை போட்டு, தோற்று, போட்டுக்கொண்டேன். வண்டி நகர்ந்ததும் என் கட்சி ஆட்டம் கண்டது. அப்பப்பா! எங்கிருந்து வருகிறார்கள் இத்தனை பேர்! எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் கேஸ் சிலிண்டர்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் வந்து, எங்கள் மூக்குக்கு முன்னால் குறுக்கே வெட்டிப் போனான். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சிலிண்டர்கள் ஆடிய ஆட்டத்தில் எனக்கு உயிர் போய் வந்தது.

“ஏய், சாவுகிராக்கி! கண்ணு தெரியலையா?” என்று கத்தினது நான்தான்.

மகன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “எம்மா! நீ சைக்கிள் கட்சில்லா?”

“வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு,” என்றேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ரயில் பாதைக்கு மேலே ஏறி மாட்டுங்கா பக்கம் இறங்குகிற பாலம் வந்தது. அதன் அடிவாரத்தில் ஓரமாக வண்டியை நிறுத்தினான். மொபைலை எடுத்துச் சவாரி வாங்குகிற ஆப்பை அணைத்தான். “ஏண்டா நிறுத்திட்ட?” என்றேன். “இரும்மா,” என்றான். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து பாம் பாம் என்று கேட்டது. அந்த ஹாரனை எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். என் வீட்டுக்காரர் அண்டாவும் கூடையுமாக எங்கள் காரை உரசாத குறையாகக் கடந்து போனார். உள்ளே யார் என்று பார்க்கவே இல்லை. அவருக்கு அது ஒரு வெள்ளை டாக்ஸி, அவ்வளவுதான்; அவர் போட்ட கீறலும் மறுபக்கம் இருந்தது. இவன் மெல்ல வண்டியைக் கிளப்பி அவருக்குப் பின்னால் ஓட்டினான்.

பாலத்தில் ஏதோ வேலை நடக்கிறதென்று பாதி ரோட்டைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். மிச்சமிருந்த வழியில் ஒரு கார் போகலாம், பக்கத்தில் ஒரு சைக்கிள் போனால் போகலாம், போகாமலும் இருக்கலாம். அதில் இவர் சீட்டை விட்டு எழுந்து, பெடல் மீது நின்று, மிதித்து ஏறிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவரை நான் பின்னாலிருந்து இப்படிப் பார்த்ததே இல்லை. அந்தப் பெரிய அண்டாவுக்கு முன்னால் அவர் இவ்வளவு சின்ன ஆளா!

எங்களுக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரனோ ஹாரன். ஒரு பைக்குக்காரன் இடுக்கில் நுழையப் பார்த்தான். மகன் வண்டியை லேசாக அந்தப் பக்கம் ஒதுக்கி அவன் வழியை அடைத்தான். அவன் இவனுடைய அம்மாவை, அதாவது என்னை, இந்தியில் இழுத்தான். நான் ஜன்னலுக்குப் பாய்ந்தேன். “விடும்மா, தெனம் நடக்குறதுதான்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

முன்னால் போகிறவர் சும்மா இருப்பாரா? ஹாரன் எல்லாம் தனக்குப் பின்னால் இருக்கிற கார்தான் அடிக்கிறது என்று அவர் முடிவு செய்துவிட்டார். திரும்பாமலே, முன்னால் பார்த்தபடியே, தொண்டை கிழியக் கத்தினார்: “ஏலே எடுபட்ட பயலே! அவசரம்னா எந் தலைக்கு மேல பறந்து போயேம்ல! தெனமும் பொறத்தாலயே வந்து உசுர வாங்குதான்!”

நான் மகனைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். “நேத்து இதை விட ஜோரு. எங்கப்பன இழுத்து வச்சுத் திட்டுனாரு. யாரைத் திட்டுறோம்னு அவருக்கே தெரியாது.”

எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. பாலம் இறங்கியதும் அவர் இடது பக்கம் திரும்பிப் போனார். நாங்கள் நேராகப் போனோம்.

“எத்தனை நாளாடா இது?”

“பாலத்துல தகரம் அடிச்சதுலருந்து. ஒரு நாள் தற்செயலா பின்னால வந்தேம்மா. ஒரு டெம்போக்காரன் அவர ஒரசிட்டுப் போயிட்டான். தகரத்துல மோதி எப்படியோ நின்னுட்டாரு. ஒங்கிட்ட சொன்னாரா?”

சொல்லவில்லை. ஒரு நாள் முழங்கையில் சிராய்ப்போடு வந்து, சட்னித் தூக்கு பட்டுவிட்டது என்று சொன்னது ஞாபகம் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் அங்கேயே இருந்திருந்தால் மாட்டுங்கா முழுக்க வேடிக்கை பார்த்திருக்கும்.

“காலையிலதானடா ஏர்போர்ட்டுக்கு நல்ல சவாரி கெடைக்கும்ப?”

“பாலம் ஏறுற நேரந்தானம்மா. பாத்துக்கலாம்.”

“மனுசங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்குத. ஆனா இது மட்டும்...”

“பேச்சு வேற, ரோடு வேற,” என்றான். “நீ அவருகிட்ட சொல்லிராத. சொன்னா நாளைக்கே வேற வழியில போயிருவாரு. அந்த வழியில டிரெய்லர் லாரியா வரும்.”

மனுஷரை அவன் சரியாகத்தான் எடை போட்டிருந்தான். நானும் சரி என்றேன். ஆனால் என் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா? அன்றைக்கு மத்தியானமே சோதனை ஆரம்பித்தது.

“ஒரு வெள்ள வண்டிக்காரன் எங்கேயிருந்துதான் வாறானோ. பாலம் ஏறும்போது கரெக்டா பொறத்தால வந்து ஒட்டிக்கிடுதான்,” என்றார் இவர். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அடுத்த நாளும் அதே பேச்சு. அதற்கு அடுத்த நாளும். காலையில் காருக்குள் உட்கார்ந்து திட்டு வாங்குவேன், மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து அதையே மறு ஒலிபரப்பாகக் கேட்பேன். யாருக்குத் தாங்கும்?

ஒண்ணாந்தேதிக்கு முந்தின நாள் வந்தது. மகன் பையைக் கட்டிப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தான். இவர் அந்தப் பையைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் கோபத்தை எங்கே காட்டுவது? “நாளைக்கு மட்டும் அந்த வெள்ள வண்டி வரட்டும்,” என்றார். “சாம்பார் கரண்டியால கண்ணாடியப் பேத்துருதேன்.”

அவ்வளவுதான். எனக்குள் ஏதோ அறுந்தது.

“பேத்துருங்க! நல்லாப் பேத்துருங்க! டெம்போக்காரன் தகரத்தோட சேத்துத் தேச்சிட்டுப் போனானே, அவன் கண்ணாடியப் பேத்தீங்களா? எங்கிட்ட அதச் சொன்னீங்களா?”

கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. “ஒனக்கு யாரு சொன்னா?”

“அந்த வெள்ள வண்டிக்காரந்தான் சொன்னான். இந்தப் பையக் கட்டி வச்சிருக்கான்லா, அவன்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார். “அப்ப ஹாரன் அடிச்சு அடிச்சு உசுர எடுத்தது?”

“அது அவனுக்குப் பின்னால வந்தவனுவ. அவன் அடிக்கல. பின்னால இருக்கவன் திட்டையும் வாங்குதான், முன்னால இருக்க ஒங்க திட்டையும் வாங்குதான். சவாரிய விட்டுட்டு, தெனமும்.”

அவர் எழுந்து கை கழுவினார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கல்லுப் பிள்ளையாரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். சாயந்திரம் மகன் வந்தான், அப்போதும் பேச்சில்லை. உளறிவிட்டதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

மறுநாள் காலை பாலத்தடியில் நின்றோம். சாயந்திரம் அவன் கிளம்பிவிடுவான். பாம் பாம் கேட்கவில்லை. மகன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். மணியைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்தான்.

“சொல்லிட்டியா?”

நான் ஜன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்த்தேன்.

“எம்மா!”

“வாய் இருக்கு, பேசிருச்சு. என்ன செய்யச் சொல்லுத?” என்றேன். குரல் மட்டும்தான் வீறாப்பாக வந்தது. டிரெய்லர் ஓடுகிற அந்த வழியில் அவர் போய்க்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவன் சாவியைத் திருப்பினான், அந்தப் பக்கம் போய்த் தேடலாம் என்று. அப்போதுதான் ஹாரன் கேட்டது.

அவர் வந்தார். வழக்கம்போல எங்களைப் பார்க்காமல் கடந்து போனார். நாங்கள் பின்னால் ஏறினோம். பின்னால் வழக்கம்போல வண்டிகள் சேர்ந்தன, ஹாரன் கிளம்பியது, பைக்குக்காரன் ஒருவன் மகனைப் பார்த்துப் பச்சைப் பச்சையாக ஏதோ கத்தினான். வழக்கமாக இல்லாதது ஒன்றுதான். இவர் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். பின்னால் ஒவ்வொரு ஹாரனுக்கும் அவர் தோள் குறுகுவதை நான் பார்த்தேன்.

பாதிப் பாலத்தில், ஏற்றத்தில், அவர் நின்றுவிட்டார். காலைத் தரையில் ஊன்றிவிட்டார். அண்டா ஒரு பக்கம் சாய்ந்தது, டிரம்மிலிருந்து சாம்பார் வழிந்து ரோட்டில் ஓடியது. என் வீட்டுக்காரர் ஏற்றத்தில் காலை ஊன்றி அதற்கு முன்னால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சைக்கிளைத் தகரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, நடந்து வந்து, டிரைவர் பக்க ஜன்னலில் நின்றார். மகன் கண்ணாடியை இறக்கினான்.

“நீ முன்னால போயிரு,” என்றார்.

“எதுக்கு?”

“பொறத்தால ஒன்னய என்ன பேச்சு பேசுதானுவ. எனக்குக் கேக்க முடியல.”

“நான் போனா ஒங்களப் பேசுவானுவ.”

“என்னையப் பேசட்டும். எனக்குப் பழகிருச்சு.”

“எனக்குந்தான் பழகிருச்சு,” என்றான் மகன். “பாதிப் பேச்சு ஒங்களோடதுதான்.”

அவர் மூக்கை உறிஞ்சினார். ரோட்டைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், அவனை மட்டும் பார்க்கவில்லை. “கோவண்டியில இருந்து இங்கன வந்து நிக்கதுக்கு, எத்தன மணிக்கு எந்திரிப்ப?”

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, “எந்திரிச்சிருவேன்,” என்றான்.

“வேண்டாம்ல. தூக்கம் கெட்டு வண்டி ஓட்டக்கூடாது.” கொஞ்சம் நிறுத்தினார். “வீட்டுலருந்தே வா.”

மகன் கதவைத் திறந்து இறங்கினான். நின்றுபோன சைக்கிளை ஏற்றத்தில் மிதித்துக் கிளப்ப முடியாது, தள்ளித்தான் ஆக வேண்டும். அவர் ஹேண்டிலைப் பிடித்தார், இவன் அண்டாவில் கை கொடுத்தான். இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு மேலே போக ஆரம்பித்தார்கள். பத்தடி போவதற்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இவர் சொல்ல, எனக்குத் தெரியும் என்று அவன் சொல்ல, கைகள் ஆடியது இங்கிருந்தே தெரிந்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அத்தனை சந்தோஷம்.

அப்புறம்தான் நிலைமை உறைத்தது. கார் பாலத்தின் நடுவில் நிற்கிறது. உள்ளே நான் மட்டும். எனக்கு ஓட்டத் தெரியாது. பின்னால் பாம்பே முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு டெம்போக்காரர் பொறுமை இழந்து இறங்கி வந்து, ஜன்னலுக்குள் தலையை விட்டு, காலியாக இருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, இந்தியில் கத்தினார்: டிரைவர் எங்கே?

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே ஏறிக்கொண்டிருந்த சைக்கிளைக் கையால் காட்டினேன். தோள் வலித்தது. எனக்குத் தெரிந்த இந்தியில் அவரைவிட உரக்கக் கத்தினேன்: “அவன் அப்பாவோட போயிருக்கான். வருவான், நில்லு!”